'ரிஸ்யூம்', 'ரீஸ்டார்ட்': எதை எங்கே எழுதுவது?

நின்றுபோன செயல் மறுபடி நடக்கத் தொடங்குவதைக் குறிக்க ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் பல உண்டு என்றாலும், நம்மவர்கள் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எழுதிவிடுவது பெரும்பாலும் 'ரிஸ்யூம்', 'ரீஸ்டார்ட்' என்னும் இரண்டில்தான். இரண்டையும் 'மீண்டும் தொடங்கு' என்றே தமிழில் சொல்லிவிட முடிவதால் வேறுபாடு கண்ணில் படுவதில்லை. நிற்பதற்கு முன்பு நடந்த பகுதி இன்னும் கணக்கில் இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலான இடங்களில் விடை கிடைத்துவிடும்.

இருக்கிறது என்றால் 'ரிஸ்யூம்'. மழையால் நின்ற கிரிக்கெட் ஆட்டம் அதே ஓட்ட எண்ணிக்கையுடன் தொடரும்போது 'ப்ளே ரிஸ்யூம்ட்' என்று எழுதுவதே மரபு. பாதியில் அறுந்த பதிவிறக்கத்திலும், ஏற்கெனவே வந்து சேர்ந்த பகுதியை வைத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் கேட்டுப் பெறுவது 'ரிஸ்யூம்'. முதல் பைட்டிலிருந்து மறுபடி இறக்குவது 'ரீஸ்டார்ட்'. உறக்க நிலையிலிருந்து எழும் கணினி திறந்திருந்த கோப்புகளை அப்படியே காட்டுகிறது. ரீஸ்டார்ட் செய்த கணினியோ நினைவகத்தைத் துடைத்துவிட்டு இயங்குதளத்தை முதலிலிருந்து ஏற்றுகிறது.

இந்த அளவுகோல் கால்பந்தில் இடறுவதுபோல் தோன்றும். கோல் விழுந்தபின் நடுக்கோட்டிலிருந்து பந்தை உதைப்பதை அதன் விதிநூல் 'ரீஸ்டார்ட்' என்கிறது. கோல் கணக்கோ அழிவதில்லை. அங்கே அச்சொல் பந்தை மறுபடி ஆட்டத்துக்குள் கொண்டுவரும் செயலை மட்டுமே சுட்டுகிறது. வழியில் அணைந்துபோன எஞ்சினை 'ரீஸ்டார்ட்' செய்து பயணத்தை 'ரிஸ்யூம்' செய்கிறோம் என்னும்போது இரண்டு சொற்களும் தத்தம் இடத்தில் சரியாக அமர்ந்துவிடுகின்றன.

'ரிஸ்யூம்' சொல்லுக்கு மட்டும் உரிய பொருள் ஒன்றும் உண்டு. 'மீண்டும் எடுத்துக்கொள்' என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்ததால், எழுந்து நின்றவர் மறுபடி தம் இருக்கையில் அமர்வதையும், மணமுறிவுக்குப்பின் ஒருவர் தம் பழைய பெயரை ஏற்பதையும் அது குறிக்கும். 'ரீஸ்டார்ட்' இங்கே நுழையவே முடியாது. 'ரிஸ்யூம்' சொல்லுக்குப்பின் இன்னொரு வினை வந்தால் 'ரிஸ்யூம்ட் டாக்கிங்' என எழுத வேண்டும். 'ரிஸ்யூம்ட் டு டாக்' பிழை. மறுபடி என்பது சொல்லுக்குள்ளேயே இருப்பதால் 'ரிஸ்யூம் அகெய்ன்' என்பதும் வீண் சுமைதான், பல தடவை நின்று தொடர்ந்த செயலைத் தவிர. (வேலைக்கு அனுப்பும் 'ரெஸ்யூமே' பிரெஞ்சு வழியாக வந்த பெயர்ச்சொல், 'சுருக்கம்' என்று பொருள்படும்.)

'மீண்டும் தொடங்கு' என்றே பொருள்படும் 'ரீகமென்ஸ்' விறைப்பான நடைக்குரியது. விட்ட இடத்திலிருந்தா, முதலிலிருந்தா என்பதை அது சொல்லாது. அதனால் அறிவிப்புகளில் அதைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. காலாவதியான உரிமத்துக்கோ சந்தாவுக்கோ 'ரினியூ' என்பதே பொருந்தும்.