கார் ஏசில "கேஸ் தீந்துடுச்சு"ன்னு சொன்னா உடனே காச எடுத்து நீட்டாதீங்க, சேலத்துல நான் ஏமாந்த கதை

சேலத்துல கார் ஏசி பாக்கக் கடைக்குப் போறவங்க இத படிச்சுட்டுப் போங்க. எனக்கு 3,100 ரூவா போச்சு, இன்னும் 16,500 போயிருக்க வேண்டியது, தப்பிச்சேன். கடை பேரு போடல.

நம்மளுது பத்து வருஷம் ஓடுன சின்ன வண்டி. ஏப்ரல் கடைசில குடும்பத்தோட ஏற்காடு கெளம்புனோம், கோரிமேடு தாண்டி அடிவாரம் வரைக்கும் ஜில்லுன்னுதான் வந்துச்சு, மேல ஏறுறப்ப முன்னாடி ஒரு பஸ்சு, கொண்டை ஊசி வளைவுல செகண்ட் கியர்ல உருட்டிட்டே போனா வெறும் சூட்டுக் காத்து, மாமியார் முந்தானையால விசிறிக்கிட்டே "கண்ணாடிய எறக்கி விடுங்க மாப்ள, மலைக் காத்தே போதும்"னுட்டாங்க. அப்புறம் கவனிச்சுப் பாத்தா ஓமலூர் ரோட்டுல 60, 70ல போனா கூலிங் நல்லா வருது, நாலு ரோடு சிக்னல்ல நின்னா போச்சு. இத அப்படியே கடைக்காரர்ட்ட சொன்னேன். வியாதி என்னன்னு அந்த ஒரு வரிலயே இருந்துச்சு, எனக்கு அப்பத் தெரியாது, அவருக்குத் தெரியாம இருந்திருக்கும்னு என்னால நம்ப முடியல.

பானெட்டத் தொறந்தாரு, பைப்பத் தொட்டுப் பாத்தாரு, "கேஸ் தீந்துடுச்சு சார், வருசம் ஒருக்கா போடணும்ல". ஒரு மூடியக் கழட்டி உள்ள இருக்குற பின்ன ஸ்க்ரூ டிரைவர் முனையால அமுக்குனாரு பாருங்க, புஸ்ஸுன்னு அரை நிமிசத்துக்கு மேல சீறுச்சு, புடிச்சிருந்த பழந்துணி ஆயில்ல நனைஞ்சு போச்சு. என்னண்ணே இதுன்னு கேட்டா "உள்ள இருக்குற காத்து, வெளிய விட்டுட்டுத்தான் புதுசு ஏத்தணும்"ங்கறாரு, நானும் மாடு மாதிரி தலையாட்டுனேன். கேஸே இல்லன்னு சொன்ன வண்டில இருந்து இவ்ளோ நேரம் எது சீறுதுன்னு அந்த எடத்துல தோணியிருக்கணும். அப்புறம் சிலிண்டர மாட்டுனாரு, தராசும் இல்ல, லைனுக்குள்ள இருக்குற காத்த உறிஞ்சி எடுக்குற வேக்கம் மிஷினும் இல்ல, பைப்பத் தொட்டுத் தொட்டுப் பாத்து "ஐஸ் ஆயிடுச்சு சார்"னு முடிச்சுட்டாரு. இருவது நிமிசம், 2,200 ரூவா. பில்லுல "ஏசி கேஸ் - 1"னு இருக்கு, எத்தன கிராம்னு ஒன்னும் இல்ல.

பன்னெண்டே நாள். இப்ப ஓட்டத்துலயும் கூலிங் கம்மி, கம்ப்ரசர் டக்கு டக்குன்னு விழுந்து விழுந்து எந்திரிக்குது. திரும்பப் போனேன், டாப்-அப்னு 900. ரெண்டு நாள்ல இன்னும் மோசம். மூணாவது தடவ போனப்ப மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு "கம்ப்ரசர் போயிடுச்சு சார், 16,500 ஆவும், இன்னிக்கே பாதி குடுத்தீங்கன்னா கோயமுத்தூர்ல இருந்து நைட்டே வர வெச்சுருவேன்". நல்லவேளை கைல காசு இல்ல.

இதுக்கப்புறம் நடந்தது என் முட்டாத்தனம், அதையும் சொல்லணும்ல. நாலு வீடியோ பாத்துட்டு ஆன்லைன்ல ஆர்134ஏ கேன் (கார் ஏசில போடுற கேஸ்தான்) ஒன்னு, ஒத்த மீட்டர் வெச்ச ஹோசு, ரெண்டும் வாங்குனேன். மாட்டுன உடனே முள்ளு பச்சையத் தாண்டி செவப்புல நிக்குது. செவப்புல இருந்தா ஏத்தாதன்னு அதுலயே போட்டிருக்கு, நான் மீட்டர்தான் டூப்ளிகேட்டுன்னு முடிவு பண்ணி இன்னும் ரெண்டு நிமிசம் ஏத்துனேன், கம்ப்ரசர் மொத்தமா நின்னுருச்சு. அந்த ஹோசு லோ சைடுல, அதாவது பிரஷர் கம்மியான பக்கத்துல மட்டும்தான் ஒக்காரும், பிரஷர் ஜாஸ்தியான ஹை சைடு வாய் வேற சைஸு, அந்தமட்டும் தப்பிச்சேன், ஹை சைடு பிரஷர் கேனுக்குள்ள ஏறுனா கேனே வெடிக்கும். லிக்விடா கைல பட்டாலும் மைனஸ் 26லயே கொதிக்கிற சரக்கு, தோல் வெந்த மாதிரி ஆயிரும், கண்ணுல பட்டா அவ்ளோதான். கண்ணாடியும் கிளவுசும் இல்லாம கிட்டயே போவாதீங்க.

ஞாயித்துக்கெழம அம்மாபேட்டைல இருந்து பெரியப்பா பையன் வந்தான், ஃப்ரிட்ஜ், ஏசி சர்வீஸ் பண்றவன், கார் வேலை வழக்கமா எடுக்க மாட்டான். கதையக் கேட்டுட்டு சிரிச்சான். "ஏண்ணா, கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்றதுக்கு? மூடுன லைனுக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும், வருசக்கணக்குல துளித்துளியா கசியும் அது வேற, திடுதிப்புன்னு கொறஞ்சுதுன்னா எங்கயோ லீக்கு, லீக்கப் பாக்காம கேஸ் ஏத்துனா அது ஓட்டப் பானைல தண்ணி ஊத்துற கத". வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஏசி போடச் சொன்னான், முன்னாடி குனிஞ்சு பாத்தான், "ஃபேன் எங்கண்ணா சுத்துது?"

என் வண்டில ரேடியேட்டருக்கு ஒன்னு, கண்டென்சருக்கு (ஏசி கேஸோட சூட்ட வெளிய தள்ளுற பார்ட்டு, வண்டி முன்னாடி இருக்கும்) தனியா ஒன்னு. ரெண்டாவது அசையவே இல்ல. ஓடுறப்ப எதிர்காத்து கண்டென்சர ஆத்திருது, நின்னா ஆத்த ஆள் இல்ல, சிக்னல்ல சூட்டுக் காத்து. இவ்ளோதான் விசயம்!

அவன் மீட்டர மாட்டுனா லோ சைடு காட்டுற நீல முள்ளு 70ல, ஹை சைடு காட்டுற செவப்பு 300 பிஎஸ்ஐய தாண்டி ஏறுது, டக்குன்னு கம்ப்ரசர் நின்னுருது. பிரஷர் எகிறுனா தன்னால நின்னுக்குற மாதிரிதான் வெச்சிருக்காங்களாம், அதத்தான் அந்தாளு கம்ப்ரசர் போச்சுன்னு வித்தாரு. அப்புறம் ஒரு மக்குல தண்ணி மோந்து கண்டென்சர் மேல ஊத்துனான், ஆவி பறந்துச்சு, செவப்பு முள்ளு சரசரன்னு எறங்கி 200 பக்கம் வந்துச்சு, கம்ப்ரசர் டக்குன்னு புடிச்சுது, உள்ள அரை நிமிசம் ஜில்லு. ஒரு மக்கு தண்ணிங்க! ஃபேனுக்கு பேட்டரில இருந்து நேரா ஒயர் குடுத்தா சுத்துது, அப்ப ஃபேனுக்குக் கரண்ட் விடுற சின்ன சுவிட்சு, ரிலேம்பாங்க, அது மேல சந்தேகம். ஹாரன் ரிலேவும் அதே டைப்தான், அதக் கழட்டி ஃபேன் ரிலே எடத்துல போட்டா ஃபேன் ஓடுது, போனது ரிலேதான். புது ரிலே 180 ரூவா.

கேஸையும் சரி பண்ண வேண்டியிருந்துச்சு. ஓனர்ட்ட கேட்டு ரெக்கவரி மிஷின் வாங்கிட்டு வந்து உள்ள இருந்தத தனி சிலிண்டர்ல எடுத்தான், சும்மா தொறந்து விடக்கூடாதாம், கார்பன் டை ஆக்சைட விட 1,430 மடங்கு சூடேத்துற கேஸாம். எடை போட்டா கிட்டத்தட்ட 600 கிராம், பானெட்டுக்கு அடில ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல போட்டிருக்குறது 400. நாப்பது நிமிசம் வேக்கம் போட்டு, மிஷின நிறுத்திட்டு இருவது நிமிசம் டீ குடிச்சுட்டு வந்து பாத்தோம், முள்ளு அசையல. லீக்கே இல்ல. ஆக மொதல் நாள் என் கண்ணு முன்னாடி சீறுனது என்னோட நல்ல கேஸ். அதோட போன ஆயிலுக்குக் கொஞ்சம் ஆயில் விட்டு, சரியா 400 கிராம் தராசுல வெச்சு ஏத்துனான். பையனோட மீன் தொட்டி தெர்மாமீட்டர காத்து வர்ற வாயில சொருகிப் பாத்தேன், மத்தியான வெயில்ல நின்ன எடத்துலயே 9 டிகிரி.

அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஏசியப் போட்டு முன்னாடி போய் ஃபேன் சுத்துதான்னு பாருங்க, காத்தே கம்மின்னா டேஷ்போர்டுல ஃபில்டர் அடச்சிருக்கான்னு பாருங்க, ரெண்டுக்கும் பைசா செலவில்ல. கடைல வேக்கம் எவ்ளோ நேரம் போடுவீங்க, எத்தன கிராம் ஏத்துவீங்க, பில்லுல எழுதுவீங்களான்னு கேளுங்க, மொறச்சாருன்னா வண்டியத் திருப்பிருங்க.

பழைய ரிலேவ எடுத்துட்டு அந்தக் கடைக்கும் போனேன். கைல வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "இது நேத்துதான் சார் போயிருக்கும்"னாரு. காசத் திருப்பிக் கேட்டா மேல கீழ பாக்குறாரு. கெளம்புறப்ப பின்னாடி இருந்து கூப்புட்டு சொன்னாரு: "அடுத்த சம்மருக்கு வாங்க சார், கேஸ் தீந்துருக்கும், பாத்து கம்மியா போட்டுக்கலாம்".