ரங்கூன் நிலம் இறங்குவதை அளக்க: ஸ்நாப்பா, மின்ட்பையா?

குழாய்க் கிணறு போட்டு நிலத்தடி நீரை உறிஞ்சியே ரங்கூனின் சில பகுதிகள் இறங்கி வருகின்றன. சென்டினல்-1 என்ற செயற்கைக்கோளின் ரேடார் படங்களைக் கொண்டு அதை அளக்கக் கிளம்பியபோது ஸ்நாப், மின்ட்பை என்ற இரண்டு மென்பொருள் வழிகள் தென்பட்டன. இரண்டும் இலவசம், இரண்டின் மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. நான் மின்ட்பையை எடுத்துக்கொண்டேன்.

ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஸ்நாப், கற்றுக்கொள்ள நல்லது. விண்டோஸிலேயே ஓடும். மெனுவைத் தட்டித் தட்டியே வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு படங்களைப் பொருத்தி, நில நகர்வைக் காட்டும் வண்ணப் பட்டைகளைப் பார்த்துவிடலாம். ஒரு பட்டை என்றால், செயற்கைக்கோள் பார்க்கும் திசையில் 2.8 செ.மீ. நகர்வு. (2025 மார்ச் நிலநடுக்கத்தை இப்படி அளக்க நினைப்பவர்கள் கவனிக்க: சகாயிங் பிளவு நழுவியது வடக்கு தெற்காக. ரேடாருக்கு அந்தத் திசை ஏறக்குறையக் குருடு.)

இங்கே தீர்ப்பு சொல்வது கரண்ட்தான். ஒரு படக்கோப்பே சுமார் 4 ஜிபி. வருடக்கணக்கான இறக்கத்துக்கு அப்படிப் பல டஜன் வேண்டும். நம் இணைய வேகத்தில் அதை இறக்கி முடித்தாலும், ஸ்நாப்பில் வேலைகளைத் தொடராகக் கோத்து ஓடவிட்டுப் பாதியில் கரண்ட் போனால், அந்தத் தொடரை மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். படிக்குப் படி சேமித்தால் டிஸ்க் நிரம்பிவிடும். அப்புறம் காலத்தொடர் கணக்குக்கு, அதாவது பல தேதிப் படங்களைச் சேர்த்து இறக்கத்தைக் கணக்கிட, வழக்கமாக ஸ்டாம்ப்ஸ் என்ற வேறொரு மென்பொருளிடம் போகவேண்டும். அதற்குக் காசு கொடுத்து வாங்கும் மேட்லாப் தேவை.

மின்ட்பையில் பாரமான பாதியை வெளியே தள்ளிவிடலாம். அலாஸ்கா செயற்கைக்கோள் மையத்தின் ஹைப்3 சேவையில் படத்தின் நமக்கு வேண்டிய துண்டை மட்டும் குறித்துக் கொடுத்தால், அவர்கள் கணினியில் ஐஸ்2 என்ற திறந்த மென்பொருளே ஜோடி சேர்த்துத் தரும். நாம் இறக்குவது முடிவுக் கோப்புகளை மட்டும். அதன் பிறகு மின்ட்பை படிப்படியாகப் போகும். நடுவில் கரண்ட் போய் வந்தால் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் போதும், முடிந்த படிகளைத் தானே தாண்டிக்கொள்ளும். மழைக்கால ஈரக்காற்று செய்யும் குளறுபடியைக் குறைக்க, இஆர்ஏ5 வானிலைத் தரவைக் கொண்டு திருத்தும் வசதியும் உண்டு.

கறுப்புத் திரையில் தட்டச்சு செய்யப் பழகவேண்டும், அது உண்மை. மற்ற இடங்களின் நகர்வை ஒப்பிட்டு அளக்க உதவும் நிலையான புள்ளியையும் நாமே யோசித்துக் கொடுப்பது நல்லது. நான் சுவேதகோன் புத்தக் கோயில் நிற்கும் மேட்டுப் பக்கம் கொடுத்தேன். ஆற்றோரச் சேற்று மண்ணில் கொடுத்தால் எல்லாமே கோணும்.

ஜிஎம்டிசார் என்ற இன்னொரு மென்பொருளை நிறுவிப் பார்த்ததோடு சரி, அதனால் தீர்ப்பு சொல்லமாட்டேன். நகரம் தாண்டிய வயல்வெளியில் எனக்கு எதுவுமே சரியாக வரவில்லை. நெல் வளர வளர சமிக்ஞை கலைந்துவிடுகிறது. கோடைப் படங்களை மட்டும் ஜோடி சேர்த்தால் கொஞ்சம் தேறுகிறது.