புதையல் தேடுபவர்களுக்கான பதிவு ஆப்: மேப் அருமை, எண்தான் தலைவலி

புதிதாக மெட்டல் டிடெக்டர் வாங்கிய நண்பர், கிடைத்த பொருளையும் இடத்தையும் குறித்துவைக்க நான் வைத்திருக்கும் பதிவு ஆப்பை அவரும் வாங்கலாமா என்று கேட்டார். போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் நல்லது. இங்கிலாந்தின் சஃபோக்கில் நான் அனுமதி வாங்கித் தேடும் வயல்களில் போன் சிக்னல் அநேகமாகக் கிடையாது. அப்போதும் இது வேலை செய்கிறது. இடத்தை பிரிட்டிஷ் தேசியக் கட்ட எண்ணாகவே, அதாவது நாட்டு வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து இடத்தைக் குறிக்கும் எண்ணாகவே காட்டுகிறது. பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் தொல்பொருள் பதிவுத் திட்டத்தில் கேட்பது அந்த எண்ணைத்தான். ஆறு இலக்கம் என்றால் நூறு மீட்டர் சதுரம், எட்டு இலக்கம் என்றால் பத்து மீட்டர்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் மேப். ஈயத்துண்டு, பொத்தான், முகம் தேய்ந்த ரோமானியச் செப்புக்காசு என்று எதையும் விடாமல் பதிந்துவந்தேன். ஒருநாள் மொத்தமாகத் திறந்து பார்த்தால், ரோமானியக் காசுகள் எல்லாம் வயலின் ஒரே மூலையில், ஓடைப் பக்கமாகக் குவிந்திருந்தன. தனியாக எடுத்தால் விலை போகாத காசுகள்தான். ஆனால் அந்த மூலையில் அன்று ஆள் புழக்கம் இருந்திருக்க வேண்டும் என்று அவை சேர்ந்து சொல்கின்றன. நோட்டில் எழுதியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

சரி, இப்போது கோபம். ஒரு பதிவை அழித்தால், அதற்குப் பின்னால் உள்ள பதிவுகளின் வரிசை எண்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நகர்ந்துவிடுகின்றன. திரை நனைந்தால் ஒரே பொருள் இரண்டு முறை பதிவாகும், அதனால் அழிக்காமலும் இருக்க முடியாது. ஆப் காட்டிய எண்ணை, பொருளைப் போட்டுவைக்கும் ஜிப் கவர்மேல் மார்க்கரால் எழுதியிருப்போம். அது அப்புறம் எதற்கு?

பதிமூன்றாம் நூற்றாண்டு இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றி காலத்து வெள்ளிப் பென்னி ஒன்று, சில்லறைக்காக அதன்மேல் உள்ள சிலுவைக் கோட்டோடு சரிபாதியாக வெட்டியது. கவரில் 47. ஆப்பில் 47ஐத் திறந்தால் துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை அடி! படங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பிறகுதான் அந்தத் திட்டத்தின் பதிவு அதிகாரியிடம் இடத்தைச் சொல்ல முடிந்தது. மண்ணைவிட்டு எடுத்த பிறகு, காசுக்கும் அந்த இடத்துக்கும் இருக்கும் ஒரே தொடர்பு அந்த எண்தான். 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்துக்குள் வரும் பொருள் என்றால், அது தெரிந்த 14 நாளுக்குள் கரோனரிடம் (புதையலா என்று விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். அந்த நேரத்தில் இப்படித் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

நிறுவனத்துக்கு எழுதினேன். அடுத்த அப்டேட்டில் பார்க்கிறோம் என்றார்கள். அப்டேட் வந்தது, எண் இன்னும் நகர்கிறது.

இப்போது வருடம், வயல், வரிசை என்று நானே ஒரு எண் போட்டுக் குறிப்புப் பகுதியில் அடிக்கிறேன். கவரிலும் அதுவே. அவ்வப்போது எல்லாவற்றையும் எக்செல் கோப்பாக இறக்கி வைக்கிறேன். இவ்வளவையும் நாமே செய்வதற்குக் காசு எதற்கு? வாங்காதீர்கள். கெட்டி அட்டை நோட்டும், கட்ட எண் காட்டும் இலவச ஆப் ஒன்றும் போதும்.

நான் அடுத்த வருடத்துக்கும் சந்தா கட்டிவிட்டேன். ஓடை மூலையை இந்த உழவுக்குப் பிறகு இன்னும் நெருக்கமாகத் தேடப்போகிறேன், அதற்கு அந்த மேப் வேண்டும்.