கருவேலந்தரிசுக்கு ஐந்தடி ஸ்லாஷர்: கியர்பாக்ஸ் தாங்குமா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துச் சரளைத் தரிசில் புல்லும் கருவேலங்கன்றும் அடிக்க 45 எச்பி டிராக்டருக்கு இந்த ஸ்லாஷர் (டிராக்டருக்குப் பின்னால் பூட்டி, சுழலும் பிளேடால் புதர் வெட்டும் கருவி) தாராளம்; வெட்டும் சுத்தம். அதன் கியர்பாக்ஸ்தான் கவனிப்பு கேட்கும்.

வேலிக்குக் கட்டிய பழைய சேலையோ நைலான் கயிறோ பிளேடு தண்டில் சுற்றினால், அடி ஆயில் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) கிழிந்து 90 நம்பர் ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கிவிடும்; அப்புறம் பேரிங் ஊளையிடும். சீல் மாற்றியும் கசிகிறதா? கியர்பாக்ஸின் மேலே பிரீதரை, அதாவது காற்றுப் போக்கியை, கழற்றிப் பாருங்கள். செம்மண் அடைத்திருந்தால் சூட்டில் ஏறும் அழுத்தம் ஆயிலை வெளியே தள்ளும்.

ஷியர் போல்ட் (பிளேடு கட்டையில் மோதினால் தான் அறுந்து கியர்பாக்ஸைக் காக்கும் போல்ட்) அறுந்தால் அதே கிரேடு போல்ட்தான். கெட்டி போல்ட் போட்டால் (பாதிப் பேர் செய்வது இதைத்தான்) அடுத்த கட்டையில் உடைவது பல்சக்கரம். பிளேடை ஜோடியாகவே மாற்றுங்கள். எடை மாறினால் அதிர்வில் பேரிங் போகும்.

ஆயில் குச்சி இல்லாதது பெருங்குறை. லெவல் பிளக்கைக் கழற்றினால்தான் அளவு தெரியும்.