‘ஃபுல் சர்வீஸ்’ என்று விற்ற லா பவோனி: பழைய லிவர் மெஷின் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பழைய லிவர் எஸ்பிரெஸோ மெஷின்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, சர்வீஸ் செய்ததாகச் சொல்லி இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸப்பிலும் விற்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் ₹58,000 கொடுத்து ஒரு லா பவோனி யூரோபிக்கோலா வாங்கினேன். ஆவி அழுத்தமும் சூடும் எல்லை மீறாமல் இருக்க அதில் இருந்த மூன்று ஏற்பாடுகளும் வேண்டுமென்றே முடக்கப்பட்டிருந்தன. போதாக்குறைக்கு எர்த் வயரும் இல்லை. விற்றவர் பெயரை இங்கே போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருக்கிறது, அது முடியட்டும்.

இந்த மெஷினைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மிலானில் 1905இல் தொடங்கிய கம்பெனி லா பவோனி. வீட்டுக்கான யூரோபிக்கோலாவை அவர்கள் கொண்டுவந்தது 1961இல். அடிப்படை வடிவம் இன்றுவரை அதேதான்: 0.8 லிட்டர் பித்தளை பாய்லர், அதன் அடியில் தண்ணீரைச் சூடேற்றும் எலிமென்ட், முன்னால் ஒரு பிஸ்டன், பிஸ்டனை ஏற்றி இறக்க ஒரு லிவர். பம்பும் கிடையாது, எலக்ட்ரானிக்ஸும் கிடையாது. நாற்பது வருஷ மெஷினுக்குக்கூட சீல் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) கிடைக்கும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பேரன் காலம்வரை ஓடும். இவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் ஸ்பேனர் வைத்திருக்கிற எவரும் ‘ரீஃபர்பிஷ்ட்’ என்று சொல்லி விற்றுவிட முடிகிறது.

எனக்குச் சொல்லப்பட்டவை இவை: 2000க்குப் பிந்தைய மாடல், எல்லா சீலும் இத்தாலியிலிருந்து வந்த புது சீல், பாய்லர் முழுவதும் டீஸ்கேல் செய்தது (உள்ளே படிந்த சுண்ணாம்பை நீக்கியது), 230 வோல்ட். கடைசி ஒன்று மட்டும் உண்மை.

பார்சல் பிரமாதமாக வந்தது. குரோம் பளபளவென்று முகம் தெரிகிற மாதிரி இருந்தது. முதல் சந்தேகம் காபித் தூளை அழுத்தும் டேம்ப்பரில் வந்தது. 2000ஐ ஒட்டி லா பவோனி குரூப்பை, அதாவது பிஸ்டன் உட்கார்ந்து காபி இறங்கும் முன்பகுதியை, மாற்றியது. அதற்கு முந்தைய மெஷின்களில் காபித் தூள் போடும் பாஸ்கெட் 49 மில்லிமீட்டர், பிந்தையவற்றில் 51. விற்றவர் சொல்லை நம்பி 51க்கு ஒரு நல்ல டேம்ப்பரும் அடியில்லாத போர்ட்டாஃபில்டரும் (பாஸ்கெட்டைத் தாங்கும் கைப்பிடி) தனியாக வாங்கி வைத்திருந்தேன். இரண்டுமே பொருந்தவில்லை. போன் செய்தால், “சார், டூ எம்எம் தானே சார், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்கிறார். இரண்டு மில்லிமீட்டர் பெரிய டேம்ப்பரை எதற்குள் அட்ஜஸ்ட் செய்வது?

பழைய குரூப் மோசமானது என்று நான் சொல்லவில்லை. சிலர் அதைத்தான் தேடி வாங்குகிறார்கள். ஆனால் விலை வேறு, உதிரிபாகம் வேறு. மாடலையே மாற்றிச் சொல்கிறவர் உள்ளே என்ன செய்திருப்பார் என்ற யோசனை அப்போதே வந்துவிட்டது.

தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, ஸ்விட்சைப் போட்டேன். பிரஷர் சுவிட்ச் உள்ள யூரோபிக்கோலாவில் பாய்லர் அழுத்தம் ஏறத்தாழ 0.8 பார் வந்ததும் சுவிட்ச் எலிமென்ட்டை நிறுத்தும், விளக்கும் அணையும். பத்து நிமிடத்துக்குள் இது நடந்துவிட வேண்டும். என் மெஷினில் விளக்கு அணையவே இல்லை. பாய்லருக்குள் கொதிக்கிற சத்தம் ஏறிக்கொண்டே போகிறது, சேஃப்டி வால்விலிருந்து ஒரு சொட்டு ஆவிகூட வரவில்லை. தண்ணீர் அளவு காட்டும் கண்ணாடிக் குழாயின் அடியிலிருந்து மட்டும் ஒழுக ஆரம்பித்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்டீம் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கினேன். வந்த வேகத்தைப் பார்த்து அடுக்களையிலிருந்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன்.

விற்றவரிடம் கேட்டேன். “கண்ணாடிக்குழாய் நட்டை இன்னும் டைட் பண்ணுங்க சார், பழைய மெஷின்னா அப்படித்தான் இருக்கும்.” தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். அந்தக் கண்ணாடியைச் சூடாக இருக்கும்போது இறுக்கினால் விரிசல் விடும், உள்ளே 115 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் இருக்கிறது.

கோயம்புத்தூரில் இருப்பதில் ஒரு வசதி உண்டு. மோட்டாரும் பம்பும் பிரித்துப் போட்டுப் பழகிய கை எந்தத் தெருவிலும் கிடைக்கும். தெரிந்த லேத் பட்டறைக்கு மெஷினைக் கொண்டுபோனேன். அங்கிருக்கும் அண்ணன் எஸ்பிரெஸோ குடித்ததே இல்லை, ஆனால் அடித்தட்டைக் கழற்றிய உடனே கேட்டார்: “இதைய யாருங்க தம்பி இப்படி டைரக்ட் பண்ணி உட்டது?”

பிரஷர் சுவிட்சின் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். சுவிட்ச் பார்வைக்கு அங்கேயே இருந்தது, வேலையில் இல்லை. பாய்லர் தண்ணீர் வற்றினால் எலிமென்ட் எரியாமல் காப்பாற்றும் தெர்மல் கட்-அவுட்டுக்கும் அதே வைத்தியம். எர்த் வயரை நறுக்கி உள்ளேயே மடித்து விட்டிருந்தார்கள். உலோகப் பாய்லர், உள்ளே தண்ணீர், ஈரக் கை, எர்த் இல்லை. எலிமென்ட்டில் மின்கசிவு இருந்து வீட்டு ஆர்.சி.சி.பி. (கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுந்திருக்கும், அதை நிறுத்த இதுதான் சுலபமான வழி என்பது அண்ணன் கணிப்பு. மின்கசிவைச் சோதிக்கும் மெக்கரில் வைத்துப் பார்த்தபோது கசிவு இருந்தது.

சேஃப்டி வால்வைக் கழற்றினார். அதற்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கும், அழுத்தம் எல்லை மீறினால் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு ஆவி வெளியேறும். பிரஷர் குக்கரில் வெயிட் வேலை செய்யாவிட்டால் இளகிக் காப்பாற்றும் வால்வுக்கு என்ன பொறுப்போ அதே பொறுப்பு இதற்கும். ஸ்பிரிங்குக்கு மேல் வாஷர்களை அடுக்கி அசைய முடியாதபடி இறுக்கியிருந்தார்கள். வால்வு தேய்ந்து ஆவி கசிந்திருக்கும், வாங்குகிறவர் ‘ஏன் புஸ்ஸுன்னு சத்தம் வருது’ என்று கேட்பார், அதை அடக்கியாகிவிட்டது. கண்ணாடிக் குழாய் அடியில் எம்-சீல் பூசி மேலே வெள்ளிப் பெயின்ட். அந்தத் தண்ணீரைத்தான் நாம் குடிக்கப் போகிறோம்.

ஆளுக்கு வேலை தெரியாது என்றே முதலில் நினைத்தேன். பார்க்கப் பார்க்கத்தான் புரிந்தது, நன்றாகவே தெரிந்திருக்கிறது. எந்தெந்தக் கோளாறு வெளியே எப்படித் தெரியும் என்று தெரிந்து, கோளாறை விட்டுவிட்டு, அது தெரிகிற வழியை மட்டும் அடைத்திருக்கிறார்.

பிஸ்டனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இது லிவர் மெஷினின் உயிர்நாடி. 49 மில்லிமீட்டர் பிஸ்டனில் 9 பார் அழுத்தம் வேண்டுமென்றால் அதன் மேல் 170 கிலோவுக்கு மேல் சுமை ஏறுகிறது. நம் கை அவ்வளவு தள்ளுவதில்லை, லிவரின் நீளம் அதைச் செய்கிறது. அத்தனையையும் தாங்கி அடைப்பது இரண்டு ரப்பர் சீல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் உதடு மாதிரி விரிந்திருக்கும். மேல் சீலின் உதடு மேலே பார்க்க வேண்டும், கீழ் சீலின் உதடு கீழே பார்க்க வேண்டும். என் மெஷினில் இரண்டும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. இத்தாலி சீலும் இல்லை, ஏதோ ஹைட்ராலிக் சாமானுக்கு வரும் சீலை ஓரம் சீவிப் போட்டது. அதன் மேல் வண்டி கிரீஸ். காபி இறங்குகிற வழியில் வண்டி கிரீஸ்! இந்த இடத்துக்கு உணவுத் தர சிலிக்கான் கிரீஸ் மட்டும்தான். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் பல வகை ரப்பர் ஊதிப்போகும் என்பது வேறு விஷயம்.

டீஸ்கேலிங் கதை சின்னது. மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் எலிமென்ட் மேல் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் படிவம் தடியாக இருந்தது. பாலிஷ் வெளியே மட்டும்.

இவ்வளவையும் போட்டோ எடுத்து அனுப்பியதும் பதில் மாறியது. கூரியரில் ஆடியிருக்கும் என்றார். கூரியரில் ஆடினால் வயர் தானாக முறுக்கிக்கொண்டு டேப்பும் சுற்றிக்கொள்ளுமா என்று கேட்டேன். “யூஸ்டு மெஷினுக்கு வாரண்டி கிடையாது சார்.” அதோடு பிளாக்.

வீட்டில் அப்பா பித்தளை ஃபில்டரில் டிகாக்ஷன் இறக்கிக்கொண்டே, “இதுல சீலும் இல்ல, ஸ்விட்சும் இல்ல, யாரும் ஏமாத்தவும் முடியாது” என்றார். அந்த நேரத்தில் எனக்கு அது ரசிக்கவில்லை.

சட்டம் பற்றி, அனுபவத்தில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பழைய பொருள் என்றால் கேட்க முடியாது என்பது பொய். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, ஒரு பொருளை அது இல்லாத தரம் அல்லது மாடல் என்று சொல்லி விற்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. பில் கொடுக்காததும் அதே கணக்கில் வருகிறது. எனக்கு பில் தரவில்லை, ஆனால் யுபிஐ பரிவர்த்தனையும், ‘2000க்குப் பிந்தைய மாடல், ஃபுல் சர்வீஸ்’ என்று அவரே எழுதிய வாட்ஸப்பும் இருக்கின்றன. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன், அசையவில்லை. பிறகு மாவட்ட ஆணையத்தில் ஆன்லைனில் தாக்கல் செய்தேன். ₹5 லட்சம் வரை கட்டணம் இல்லை. விற்றவர் வேறு மாநிலத்தில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நோட்டீஸ் போனதும் பிளாக் நீங்கி, ₹15,000 தருகிறேன், வாபஸ் வாங்குங்கள் என்று செய்தி வந்தது. வாங்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும்: இதில் மெஷின் கம்பெனிக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. புது எலிமென்ட், புது பிரஷர் சுவிட்ச், கட்-அவுட், சேஃப்டி வால்வு, முழு சீல் செட் எல்லாம் வரவழைத்து, அண்ணன் பட்டறையிலேயே பூட்டினோம். சிட்ரிக் ஆசிட்டில் டீஸ்கேல் செய்தோம். இப்போது போர் தண்ணீர் ஊற்றுவதில்லை, சிறுவாணித் தண்ணீர்தான், அது படிவம் கட்டுவதில்லை என்றே சொல்லலாம். காபி அருமையாக வருகிறது. இரண்டு மூன்று ஷாட்டுக்கு மேல் தொடர்ந்து போட்டால் குரூப் சூடேறிக் கசக்கும், அது இந்த மெஷினின் சுபாவம், கோளாறு அல்ல. ஸ்விட்ச் போட்டதும் பாய்லரில் மாட்டிய காற்றை ஸ்டீம் குழாய் வழியே கொஞ்சம் வெளியேற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் சூடு வருவதற்கு முன்பே அழுத்தம் வந்த மாதிரி காட்டும்.

வாங்கப் போகிறவர்கள் பணம் அனுப்பும் முன் வெட்டு ஒட்டு இல்லாத ஒரே வீடியோ கேளுங்கள். எனக்கு வந்த வீடியோ துண்டு துண்டாக இருந்தது, பின்னணியில் பாட்டு வேறு, ஆவி கசியும் சத்தம் கேட்காமல் இருக்க. ஆறிய மெஷினில் தண்ணீர் ஊற்றுவதிலிருந்து விளக்கு தானாக அணையும்வரை ஓட வேண்டும், பிளக்கும் கண்ணில் பட வேண்டும். பிறகு லிவரை முழுக்க ஏற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள். பிஸ்டன் தண்டின் மேலே தண்ணீர் ஊறினால் ஒரு சீல் போய்விட்டது. லிவர் கீழே இருக்கும்போதே குரூப்பிலிருந்து சொட்டினால் பிஸ்டன் சீல் போய்விட்டது. இந்த இரண்டும் செலவு குறைந்த வேலைகள், இதற்காக மெஷினை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. அடித்தட்டைக் கழற்றி வயரிங் போட்டோ தர மறுத்தால் மட்டும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பாஸ்கெட் மேல் ஸ்கேல் வைத்து ஒரு படம். லேபிளில் வோல்ட் எண் தெரிகிற ஒரு படம். அதே ஆளிடம் வாங்கிய இன்னொருவருக்கு அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் மெஷினைப் பிளக் மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். 120க்குச் செய்த 1000 வாட் எலிமென்ட்டில் 230 கொடுத்தால் 3,600 வாட்டைத் தாண்டி இழுக்கும். அவருடையது முதல் நாளே எரிந்துவிட்டது. என் கணக்கில் அவர் தப்பித்தார்.

ஏற்கெனவே இப்படி ‘சர்வீஸ் செய்த’ மெஷினை வாங்கி, நன்றாகத்தான் ஓடுகிறது என்று தினமும் காபி போட்டுக்கொண்டிருப்பவர்கள் நாளைக் காலைக் காபிக்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, தண்ணீரைக் கொட்டி, அடித்தட்டு ஸ்க்ரூவைக் கழற்றி ஒருமுறை பாருங்கள். பச்சை (எர்த்) வயர் எங்கே போய் முடிகிறது, பிரஷர் சுவிட்சில் இரண்டு வயரும் தனித்தனியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். டேப் சுற்றிய முடிச்சு தெரிந்தால் போட்டோ எடுத்துவிட்டுப் பிறகு கை வையுங்கள், ஆணையத்துக்கு அது தேவைப்படும்.