'4+1' குளோபல் ஹெல்த் படிப்பு: மிச்சமாகும் ஒரு வருடத்துக்கு என்ன விலை?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் '4+1' என்று விளம்பரப்படுத்துவது இதைத்தான்: நான்கு வருட இளங்கலையும் இரண்டு வருட எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) பட்டமும் ஐந்தே வருடத்தில். யேல், பிரவுன், பாஸ்டன் யுனிவர்சிட்டி மாதிரியான பெரிய பெயர்களிடமும் இருக்கிறது, அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும் இருக்கிறது. கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும் என்பதால் எந்த ஒரு கல்லூரிக்கும் இங்கே மார்க் போடவில்லை. இந்த ஏற்பாடு காசுக்குத் தகுமா என்பதுதான் கேள்வி.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். எபிடெமியாலஜி (நோய்ப் பரவலியல்) அல்லது பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் (உயிர்ப் புள்ளியியல்) எடுக்கப்போகிற, எண்களைக் கண்டு பயப்படாத மாணவருக்குத் தாராளமாகத் தகும். நாடு நாடாகப் போய் மக்களோடு வேலை செய்ய வேண்டும் என்று குளோபல் ஹெல்த் பிரிவைத் தேடி வருபவர் யோசிக்க வேண்டும். இந்த வேகம் முதலில் வெட்டுவது களப்பணியைத்தான்.

கணக்கு இப்படி. இளங்கலைக்குப் பெரும்பாலும் 120 கிரெடிட். எம்.பி.எச்.சுக்கு அங்கீகாரம் தரும் சி.இ.பி.எச். அமைப்பு குறைந்தது 42 செமஸ்டர் கிரெடிட் கேட்கிறது. ஆக 162. நான்காம் வருடத்தில் எடுக்கும் 12 கிரெடிட்டை இரண்டு பட்டத்துக்கும் சேர்த்து எண்ணினால் 150. ஐந்தாம் வருடத்துக்கு 30 மிஞ்சும், செமஸ்டருக்கு 15. முதுகலையில் 9 எடுத்தாலே பல இடங்களில் முழுநேர மாணவர் என்ற கணக்கு. 15 எடுத்துக்கொண்டு டி.ஏ. (ஆசிரியர் உதவியாளர்) வேலையும் பார்க்கிறேன் என்றால் அக்டோபர் மாதமே நாக்கு தள்ளிவிடும். 'ஐந்து வருடத்தில் முடியும்' என்ற விளம்பரத்தைவிட 'எத்தனை கிரெடிட் இரண்டு பக்கமும் எண்ணப்படும்' என்ற ஒற்றை எண்தான் முக்கியம். 9 என்று பதில் வந்தால் ஆறாவது வருடத்தின் முதல் செமஸ்டரும் சேர்ந்துகொள்ள வாய்ப்பு அதிகம். இன்னொன்று: இளங்கலைக்கு ஏற்கெனவே எண்ணிய கிரெடிட்டை வேறு பல்கலைக்கழகம் பொதுவாக ஏற்காது. பாதியில் மனம் மாறி வேறு இடத்தில் எம்.பி.எச். சேர்ந்தால் முதலிலிருந்துதான்.

பாடங்களின் வரிசையில்தான் பலர் மாட்டுகிறார்கள். விண்ணப்பம் மூன்றாம் வருடத்தில். அதற்குள் புள்ளியியல் முடிந்திருக்க வேண்டும், அதன்மேல்தான் எபிடெமியாலஜி. அது வருடத்துக்கு ஒரே ஒரு செமஸ்டரில் மட்டும் நடந்தால், ஒரு தடவை தவறினாலே முழு வருடம் பின்னால் போகும். சைக்காலஜி துறையில் படித்த புள்ளியியலை எம்.பி.எச். பக்கம் ஏற்குமா என்பதை இரண்டாம் வருடத்திலேயே மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிட வேண்டும். ஆர், ஸ்டாட்டா, சாஸ் என்ற மூன்று புள்ளியியல் மென்பொருள்களில் அந்தத் துறை எதில் பாடம் நடத்துகிறதோ அதைக் கோடையிலேயே தொட்டுவிடுங்கள். முதுகலை வகுப்பில் யாரும் நின்று சொல்லித்தர மாட்டார்கள்.

இனி களப்பணி. சி.இ.பி.எச். விதிப்படி ஒவ்வொரு எம்.பி.எச். மாணவரும் ஒரு நிறுவனத்துக்குப் பயன்படும் வேலை செய்து, குறைந்தது இரண்டு படைப்புகளைக் கொடுக்க வேண்டும். அவை ஐந்து திறன்களைக் காட்ட வேண்டும், அதில் மூன்று அடிப்படைத் திறன்களாக இருக்க வேண்டும். சாதாரண இரண்டு வருட மாணவருக்கு நடுவில் ஒரு கோடை முழுசாகக் கிடைக்கும், அதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஆற அமரத் திட்டமிடலாம். 4+1 மாணவருக்கு நான்காம், ஐந்தாம் வருடங்களுக்கு நடுவே உள்ள கோடைதான், சுமார் பத்துப் பன்னிரண்டு வாரம். அதற்கு முன் செய்த வேலையைப் பல கல்லூரிகள் எண்ணுவதில்லை.

அந்தப் பத்து வாரத்தில் இந்தியாவில் புதிதாக ஒரு கள ஆய்வு நடத்திவிடலாம் என்று நம்பாதீர்கள். கல்லூரியின் ஐ.ஆர்.பி. (மனித ஆய்வுகளைப் பரிசீலிக்கும் குழு) ஒப்புதல் வேண்டும், போகிற நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும். வெளிநாட்டுக் கூட்டு ஆய்வு என்றால் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழியாகச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுக்கும் போகும். சுற்றுலா விசாவில் ஆய்வு செய்ய முடியாது. ஓ.சி.ஐ. (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான) அட்டை இருக்கிறதே என்று கிளம்பும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்: 2021 மார்ச் அறிவிப்பின்படி, ஆய்வு செய்ய ஓ.சி.ஐ.காரர்களுக்கும் சிறப்பு அனுமதி தேவை. பாட்டி வீட்டில் தங்கிக்கொண்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்வே எடுப்பதும் ஆய்வுதான்.

காகிதத்திலும் சிக்கல் உண்டு. ஆய்வில் பங்கேற்பவர் கையெழுத்திட அமெரிக்கக் கல்லூரி தரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக்கு ஒரு கோடு, தேதிக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். கைநாட்டு வைப்பவருக்குப் பக்கத்தில் சாட்சி கையெழுத்துப் போட இடமே இருக்காது. இந்தியாவில் உள்ள நெறிமுறைக் குழு அதைத் திருப்பி அனுப்பும். திருத்தினால் அமெரிக்காவில் மறுபடி திருத்த ஒப்புதல் வாங்க வேண்டும். இப்படியே மூன்று வாரம் போய்விடும்.

நடக்கக்கூடிய வழி, புதுத் தரவு சேகரிக்காமல் இருப்பது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் கிராமச் சுகாதாரத் திட்டமான ருஹ்சா கே.வி.குப்பத்தில் 1977 முதல் இயங்குகிறது. மகாராஷ்டிரத்து ஜாம்கேட் கிராமச் சுகாதாரத் திட்டம் 1970இல் தொடங்கியது. இந்த மாதிரி இடங்கள் வெளி மாணவர்களைக் கண்டு பழகியவை. அங்கே ஒரு பயிற்சிக் கையேடு, ஒரு பதிவேட்டுச் சுருக்க அறிக்கை என்று இரண்டைச் செய்துகொடுத்தால் நிறுவனத்துக்கும் உதவும், விதியும் நிறைவேறும். அதற்கும் 'இது மனித ஆய்வு அல்ல' என்று ஐ.ஆர்.பி. எழுத்தில் தர வேண்டும். அதை நாமே முடிவுசெய்துகொள்ள முடியாது.

எஃப்-1 விசாவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனியாக ஒரு விஷயம். ஓ.பி.டி. (படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி) ஒவ்வொரு பட்ட நிலைக்கும் 12 மாதம். இடைவெளி விடாமல் ஐந்தாம் வருடத்துக்குப் போனால் இளங்கலைக்கான ஓ.பி.டி. போனது போனதுதான். எம்.பி.எச்.சுக்குப் பிறகு கிடைப்பதன் நீளத்தை ஐ-20 (கல்லூரி தரும் விசாப் படிவம்) இல் உள்ள சி.ஐ.பி. கோடு, அதாவது பாடப்பிரிவின் எண், தீர்மானிக்கும். எபிடெமியாலஜி 26.1309, அது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருக்கிறது. கூடுதலாக 24 மாதம். பொதுவான பொதுச் சுகாதாரம் 51.2201, அது பட்டியலில் இல்லை. ஒரே கட்டடம், ஒரே கட்டணம், கிட்டத்தட்ட ஒரே பாடங்கள். வேலை அனுமதியில் மட்டும் இரண்டு வருட வித்தியாசம். பிரிவின் பெயரை நம்பாமல் சி.ஐ.பி. கோடு எது என்று கேளுங்கள். ஐந்தாம் வருடம் தொடங்கும்போது ஐ-20 மாஸ்டர் நிலைக்கு மாற்றப்படுமா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

பண விஷயத்தில் இளங்கலை உதவித்தொகைகள் பெரும்பாலும் எட்டு செமஸ்டரோடு நிற்கும், வருமானம் குறைந்த மாணவர்களுக்கு அரசு தரும் பெல் கிராண்டும் முதல் இளங்கலைப் பட்டத்துக்கு மட்டும். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் என்ற முதுகலை ஃபெடரல் கடன் கிடையாது; சாதாரண முதுகலைப் படிப்புக்கு ஃபெடரல் கடன் உச்சவரம்பு வருடத்துக்கு 20,500 டாலர். நல்ல தனியார் பல்கலைக்கழகத்தின் ஐந்தாம் வருடத்துக்கு இது காணாது.

டாக்டருக்குப் படிக்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு: மருத்துவக் கல்லூரிகளுக்கான ஏ.எம்.சி.ஏ.எஸ். விண்ணப்பத்தில் முதுகலை மதிப்பெண் தனியாகத்தான் காட்டப்படும், தளர்ந்த இளங்கலை ஜி.பி.ஏ.வை அது தூக்கிவிடாது.

வேலைச் சந்தை பற்றி மழுப்ப ஒன்றுமில்லை. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் 2025 ஜூலையோடு தனி அமைப்பாக இல்லாமல் போனது. அதன் பணத்தில் பல நாடுகளில் ஓடிய டி.எச்.எஸ். மக்கள்தொகை-சுகாதாரக் கணக்கெடுப்புத் திட்டம் அதே வருடம் பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. இறுதித் திட்டத்துக்கு அந்தத் தரவையே நம்பியிருந்த மாணவர்கள் திணறினார்கள். ஆகவே ஐந்தாம் வருடத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது தரவுக் கோப்பு கையில் வந்த பிறகே வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்குங்கள். 'விண்ணப்பித்திருக்கிறேன்' என்ற நிலையில் தலைப்பைப் பதிவுசெய்யாதீர்கள்.

சேருமுன் கல்லூரியிடமிருந்து மின்னஞ்சலில் பெற வேண்டிய பதில்கள் நான்கு: பகிரப்படும் கிரெடிட் எத்தனை, இளங்கலைப் பட்டம் நான்காம் வருட முடிவிலேயே தரப்படுமா, முதுகலைக் கட்டணம் எந்த செமஸ்டரிலிருந்து, சி.ஐ.பி. கோடு என்ன. ஒரு வாரத்துக்குள் நான்குக்கும் எண்ணோடு, தேதியோடு பதில் தரும் கல்லூரியை நம்பிச் சேரலாம். 'பொதுவாக மாணவர்கள் ஐந்து வருடத்தில் முடிக்கிறார்கள்' என்று சுற்றி வளைத்தால், சாதாரண இளங்கலையை முடித்து இரண்டு வருடம் களத்தில் வேலை பார்த்துவிட்டு எம்.பி.எச். போவதே மேல்.