நோட்டா, உறையா, தனிக் கணக்கா? வீட்டுச் செலவுக்கு எது ஒத்துவரும்

வீட்டுச் செலவைப் பிடித்து நிறுத்த மூன்று வழிகளைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். தினமும் செலவை நோட்டில் எழுதுவது ஒன்று. பணம் கைக்கு வந்த அன்றே உறை உறையாகப் பிரித்து வைப்பது இன்னொன்று. செலவுக்கென்று வங்கியில் தனிக் கணக்கு தொடங்கி, எல்லாவற்றையும் அதிலிருந்து யூபிஐயில் கொடுப்பது மூன்றாவது. எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. அந்த வீட்டுக்குப் பணம் எப்படி வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் பாளையங்கோட்டையில் மாதச் சம்பளக்காரர் வீடு, மேலப்பாளையத்தில் வாரக்கூலிக்குப் பீடி சுற்றும் வீடு, கார், பிசானம் என்று இரண்டு நெல் அறுப்பை நம்பியிருக்கும் சேரன்மகாதேவி வீடு என மூன்றுக்கும் ஒரே பட்ஜெட் பொருந்தாது.

நோட்டு, பணம் எங்கே போகிறது என்று காட்டும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. செலவான பிறகுதானே எழுதுகிறோம்? அதோடு எழுதுகிறவர் ஒருவர், செலவழிப்பவர்கள் நாலு பேர் என்றால் கணக்கு ஒருநாளும் நிற்காது. இரண்டு மாதம் விடாமல் எழுதுங்கள், ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். அப்புறம் நிறுத்திக்கொள்ளலாம். அந்த இரண்டு மாதத்தில் கவனிக்க வேண்டியது டீச்செலவை அல்ல. ஒரு சாமான் வாங்க சூப்பர் மார்க்கெட்டுக்குள் போய் ஏழு சாமானோடு வெளியே வருவது, யாரும் பார்க்காத ஓடிடி சந்தா, பழைய போன் நன்றாக இருக்கும்போதே தவணையில் எடுத்த புதுப் போன் ஆகியவற்றைப் பாருங்கள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது கால் கிலோ அல்வா வாங்குவதை வீண் செலவென்று நான் சொல்லமாட்டேன்.

உறை வேறு மாதிரி. காய்கறி உறை காலியானால் காலிதான், அதுவே தடுத்துவிடும். வாரக்கூலி வரும் வீட்டுக்கு இதைவிடத் தோதான முறை இல்லை. பணம் வாரம்தோறும் சின்னச் சின்னதாக வருகிறது, செலவும் அப்படியே போகிறது. காய்கறிக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று, பிள்ளை படிப்புக்கு ஒன்று என்று வாரம்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுவந்தால் போதும். ரொக்கத்தை வீட்டில் வைப்பது பாதுகாப்பா என்ற கேள்வி நியாயமானது. அதனால் ஒரு வாரச் செலவுக்கு மேல் உறையில் தங்க விடக் கூடாது. மீதியை வங்கியில் போட்டுவிட வேண்டும்.

மாதச் சம்பளக்காரருக்குத் தனிக் கணக்கு எளிது. சம்பளம் ஒரு கணக்குக்கு வரும். அதிலிருந்து மாதச் செலவுக்கான தொகையை மட்டும் இன்னொரு கணக்குக்கு மாற்றிவிட்டு, போனில் யூபிஐயை அதோடு மட்டும் இணைக்க வேண்டும். மீதி இருப்பதையும் பார்க்கலாம், போன செலவும் தானாகப் பதிவாகும். ஆனால் ஸ்கேன் செய்து கொடுக்கும்போது பணம் கைவிட்டுப் போவது தெரியாது. எண்ணிக் கொடுக்கிற ரூபாய் நோட்டுக்கு இருக்கும் தயக்கம் இதில் கிடையாது. கட்டுப்பாடு குறைவான வீட்டில் இது உறைக்கு ஈடாகாது என்பதே என் எண்ணம்.

மூன்றையும் கவிழ்ப்பது வருஷத்துக்கு ஒருமுறை வரும் செலவு. ஜூனில் பள்ளிக் கட்டணம். ஊர்க் கோயிலில் கொடைத் திருவிழா என்றால் வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போய்வர வேன் வாடகை. தீபாவளித் துணி. முகூர்த்த மாதங்களில் விசேஷ வீடுகளுக்குச் செய்யும் மொய், செய்முறை. இதில் எதுவும் திடீரென்று வருவதில்லை. நாம்தான் திடீரென்று வந்ததுபோல் அடகுக் கடைக்கு ஓடுகிறோம். ஒரு வீட்டில் பள்ளிக்கு 24,000, செய்முறைக்கு 18,000, தீபாவளிக்கு 12,000, கொடைக்கு 3,000, வண்டி இன்சூரன்ஸுக்கு 3,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60,000, அதாவது மாதம் 5,000. இந்த ஐயாயிரத்தை முதல் தேதியே எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவதுதான் உண்மையான மாத வருமானம்.

இந்தப் பணத்தை எங்கே வைப்பது? அஞ்சலகத் தொடர் வைப்பு (ஆர்.டி.) மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கும், நம்பிக்கையானது. ஆனால் அது 5 வருஷத் திட்டம், 3 வருஷம் முடியாமல் இடையில் முடித்துக்கொள்ள முடியாது. அடுத்த ஜூன் கட்டணத்துக்கு அது உதவாது. வங்கியில் 12 மாதத் தொடர் வைப்பு போடலாம். நகைச்சீட்டில் பணமாகத் திரும்பாது, நகையாகத்தான் வரும். மகளுக்குக் கம்மல் வாங்கத்தான் சேர்க்கிறோம் என்றால் சரி, பள்ளிக் கட்டணத்துக்கு ஆகாது. ஏலச்சீட்டு 1982ஆம் வருஷச் சட்டப்படி பதிவானதா என்று பார்க்காமல் சேரவே கூடாது. பதிவான சீட்டிலும் நடத்துகிறவர் 7 சதவீதம் வரை கமிஷன் எடுக்கலாம், அவசரப்பட்டு முன்னால் சீட்டை எடுத்தால், ஏலத்தில் தள்ளிக் கேட்கும் தொகையிலேயே பெரிய துண்டு போய்விடும். தெரு ஆள் பிடிக்கும் தீபாவளிச் சீட்டு என்றால், எவ்வளவு பழகினவர் என்றாலும் எனக்குச் சம்மதமில்லை.

வாயைக் கட்டாமல் குறைக்கக்கூடிய செலவும் நிறைய இருக்கிறது. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வாங்காமல் விடுவதில் ஒரு கௌரவமும் இல்லை. மின் உபயோகம் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், கூடுதல் யூனிட்டுக்கு விலை ஏறுவதோடு முந்தைய யூனிட்டுகளுக்குக் கிடைத்த மானியத்திலும் ஒரு பகுதி போய்விடும். அதனால் 480க்குப் பக்கத்தில் நிற்கும் வீடு ஏசியைக் கொஞ்சம் கவனித்தாலே பில் எகிறாது. காய்கறிக்குப் பாளையங்கோட்டை மகாராஜநகர் உழவர் சந்தை போகலாம், அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிவிடுவார்கள். தெருமுனைப் பலசரக்குக் கடையில் பற்று வைத்துக் கடனுக்கு வாங்குவதை நான் முழுதாக வெட்டச் சொல்லமாட்டேன், கஷ்டகாலத்தில் அரிசி தருவது அந்தக் கடைக்காரர்தான். ஆனால் பற்று நோட்டைப் பிள்ளை கையில் கொடுத்து அனுப்பக் கூடாது.

அறுப்பை நம்பிய வீட்டுக்கு இந்த மூன்று முறையும் பாதிதான் பொருந்தும். பணம் மொத்தமாக வரும், மொத்தமாகக் கரையும். நெல்பணம் வந்ததும் முதலில் கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனைக் கட்டுங்கள். கெடுவுக்குள் கட்டினால் வட்டி கிடையாது, தவறினால் வட்டி சேரும். அடுத்த சாகுபடிக்கு விதை, உரம், உழவுக்கூலி என்று ஒரு தொகையைத் தனியே ஒதுக்குங்கள். மிஞ்சியதை அடுத்த அறுப்பு வரை எத்தனை மாதமோ அத்தனையால் வகுத்து, வங்கிக் கணக்கிலிருந்து மாதத்துக்கு ஒரு பங்கு மட்டும் எடுங்கள். அந்தப் பங்கையும் வாரவாரம் பிரித்து எடுத்து உறைகளில் போட்டுக்கொள்ளலாம்.